போகும் முனை, போகா முனை

அம்பத்தூர் எஸ்டேட். தகரக் கூரைக்குக் கீழே ஒன்பது லேத்து.
வந்திருப்பது ஒரு வரைபடமும் ஒரு கேள்வியும்:
வெட்டும் கருவியா, அழுத்தும் கருவியா,
எதற்கு விலை சொல்கிறீர்கள்?

சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுக் கூடு.
அடியில் ஒரு சின்னப் பள்ளம்,
பிரைமர் உட்காரும் இடம்.
பட்டாளத்துக்குச் செய்தவர்கள்
ஆட்டத்தில் கழன்றுவிடக் கூடாதென்று
பள்ளத்தின் உதட்டைச் சுற்றிலும்
பிதுக்கி இறுக்கியிருக்கிறார்கள்.
பழையது வெளியே வந்துவிட்டது,
இறுக்கம் போகவில்லை.
புதியது நுழைய மாட்டேன் என்கிறது.

கடல் தாண்டி யாரோ ஒருவர்,
ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டையைக் குறிபார்த்துச் சுடுகிறவர்,
வாளி நிறையக் கூடுகளோடு உட்கார்ந்திருக்கிறார்.
எனக்கு அவரைத் தெரியாது.
தோட்டாவையும் தெரியாது.
பிராட்வேயில் பித்தளைத் தடி வாங்கி
தேவசகாயம் கடைந்து கொடுத்த
பதினொரு போலிகளைத்தான் தெரியும்.

வெட்டுவது சுலபம்.
ரீமரை வைத்து இரண்டு சுற்று,
மஞ்சளாய் ஒரு சுருள் விழும், உதடு போய்விடும்.
முந்நூற்று நாற்பது ரூபாயில் முடி என்கிறார் ஷாகுல்.
மூன்றாவது சுற்று சுற்றிவிட்டால்
கேஜின் போகா முனை
வழவழவென்று உள்ளே போய்
என்னைப் பார்க்கும்.
சீவியதைத் திரும்ப ஒட்டவைக்க
எங்கள் லேத்து எதிலும் கியர் இல்லை.

அழுத்துவதற்கு இரும்பு நிறைய வேண்டும்.
கூட்டின் வாய்வழியே ஒரு தண்டு இறங்கி
உள்ளிருந்து தாங்க வேண்டும்,
அப்புறம்தான் கீழிருந்து உருண்டை முனை ஏறலாம்.
தாங்கல் இல்லாமல் ஏறினால் அடி கோணிக்கொள்ளும்.
ஐந்தாவது போலி அப்படித்தான் செத்தது.
எல்லாக் கூடும் ஒரே தடிமன் இல்லை,
வகைக்கு வகை தண்டை
ஒரு மயிரிழை ஏற்றி இறக்க வேண்டும்.
இரண்டாயிரத்து எண்ணூறு.
ஷாகுல் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தார்.

மகன் பிறந்து இரண்டு வருஷம் தோடு போடாததில்
என் காது தூர்ந்துபோனது.
புரசைவாக்கத்துக் கடைக்காரர்
காது குத்தும் துப்பாக்கியை எடுத்தார்.
இருக்கட்டும் என்று எழுந்து வந்து
ஈர்க்குச்சியை எண்ணெயில் தோய்த்துச் செருகினேன்,
ராத்திரிக்கு ஒரு சுற்று.
ஒன்பதாம் நாள் சதை வழிவிட்டது.
விலைப் பட்டியலில் இதை எழுதக் கட்டம் இல்லை.

அன்று சென்ட்ரல் மெட்ரோவில்
எக்ஸ்ரேக்குள் போன என் பை திரும்பி வரவில்லை.
திரையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில்
ஏழாவது போலி,
நிஜத்தைவிட நிஜமாக.
"இது என்னம்மா?"
பெயர்ப் பட்டையில் வெண்மணி என்றிருந்தது.
அடையாள அட்டை, வரைபடம், ஷாகுலின் நம்பர்
எல்லாவற்றையும் டிரேயில் பரப்பினேன்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
சுட்டதா?
சுட்டதே இல்லை.
காலியா?
பிறந்ததிலிருந்தே காலி.

அடித்துளையை விரலால் மூடி
வாயில் வைத்து ஊதிக் காட்டினேன்.
கீச்சென்று கிளம்பிய சத்தம்
எஸ்கலேட்டரில் இறங்கிப் போனது.
யாரோ ரயில் கிளம்புகிறதென்று ஓடினார்கள்.
வெண்மணி சிரிக்கவில்லை.
பதிவேட்டில் எழுதினார்:
பித்தளை விசில், ஒன்று.

காலையில் பதில் அனுப்பினேன்:
அழுத்தும் கருவி, தாங்கும் தண்டோடு சேர்த்து.
மதியம்வரை ஷாகுல் முகம் கொடுத்துப் பேசவில்லை.
மேஜையில் ஒன்பது போலிகள்.
செத்தது ஒன்று குப்பைத் தட்டில்.
இன்னொன்றை அந்தம்மா திருப்பித் தரவில்லை.